நியாயச் சங்கம்

முப்பது வருஷம் ஒழுங்காகப் பணம் கட்டிய ஒரு மனிதர், அறுபதாவது வயதில் தம் ஓய்வுக்காலப் பணத்தைக் கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிறார். காசாளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடவில்லை. டைரக்டர்களில் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. மனிதர் கையிலுள்ள பத்திரம் செல்லும் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படியும் பணம் குறைந்துதான் வருகிறது. அதைவிட விசித்திரம், அந்தத் தீர்ப்பு வந்ததனாலேயே அடுத்த வீட்டுக்காரரின் பணமும் குறைந்துபோகிறது!

இதை நான் கதையாக எழுதி அனுப்பியிருந்தால், "நம்பும்படி இல்லை" என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் இது நடந்த சங்கதி. இங்கிலாந்தில் நடந்தது. ஒருவருக்கா, இருவருக்கா? ஏறக்குறையப் பத்து லட்சம் பேருக்கு.

அந்தக் கம்பெனியின் பெயர் ஈக்விடபிள் லைஃப். 'ஈக்விடபிள்' என்றால் நியாயமான, ஓரம் சாராத என்று பொருள். பெயரை வைத்தவர்கள் வேடிக்கைக்காக வைக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு வாத்தியாரின் மனத்தாங்கல் இருக்கிறது.

ஜேம்ஸ் டாட்ஸன் என்ற அவர், லண்டனில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்னும் பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்து வந்தார். (பெயரைப் பார்த்து ஆஸ்பத்திரி என்று நினைத்துவிடாதீர்கள், அது தர்மப் பள்ளிக்கூடம்.) அந்நாளில் லண்டனில், 1706-இல் தோன்றிய 'அமிக்கபிள்' என்ற ஆயுள் காப்புச் சங்கம் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பையனும் நாற்பத்தைந்து வயதுக் குடும்பஸ்தனும் அங்கே ஒரே தொகையைக் கட்டவேண்டும். அந்த வருஷம் எத்தனை அங்கத்தினர்கள் இறந்தார்களோ, அத்தனை குடும்பங்களுக்குத் தொகையைப் பங்குபோட்டுக் கொடுப்பார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்கு இடமே கிடையாது. டாட்ஸன் தாண்டியிருந்தார். கதவு சாத்தப்பட்டது.

வேறொருவராயிருந்தால் தலைவிதி என்று வீட்டுக்குப் போயிருப்பார். இவர் கணக்கு வாத்தியார். வயது கூடியவன் சாகும் அபாயம் அதிகமென்றால் அதற்கேற்ப அதிகத் தொகை வாங்கிக்கொள்ளுங்களேன், சேர்க்கவே மாட்டேன் என்பானேன் என்று யோசித்தார். லண்டனின் மரணப் பதிவுகளை வைத்துக்கொண்டு, எந்த வயதில் சேருகிறவன் ஆண்டுதோறும் எவ்வளவு கட்டினால் ஆயுள் முழுவதற்கும் சரிக்கட்டும் என்று கணக்கிட்டார். அவரவர் வயதுக்குத் தக்க பிரீமியம். ஒருவர் பாரத்தை இன்னொருவர் சுமக்க வேண்டாம். இதுதான் அவர் கண்ட நியாயம்.

சங்கத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1757-இல் இறந்துபோனார். குடும்பங்களைக் காப்பாற்றுவதற்குக் கணக்குப் போட்டவருடைய பிள்ளைகள், ஆதரவில்லாமல் அதே தர்மப் பள்ளியில் சேர்ந்தார்கள். எட்வர்ட் ரோ மோர்ஸ் முதலிய நண்பர்கள் விடாமல் முயன்றார்கள். அரசாங்கச் சாசனம் கேட்டார்கள், 1761-இல் மறுக்கப்பட்டது. சரி, சாசனமில்லாமலே நடத்துவோம் என்று 1762-இல் சங்கத்தை ஆரம்பித்துவிட்டார்கள். பிற்பாடு டாட்ஸனின் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் நன்றிக் காணிக்கையாக 300 பவுண்டு போய்ச் சேர்ந்தது.

அவருடைய கொள்ளுப்பேரன் ஒருவர் 1806-இல் நம் மதுரையில் பிறந்தார். தர்க்க சாஸ்திரமும் கணிதமும் படித்தவர்கள் இன்றும் பெயர் சொல்லும் அகஸ்டஸ் டி மார்கன்தான் அவர். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்து அதிகாரி. ஏழு மாதக் குழந்தையாக அவரைச் சீமைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மதுரைக்கும் இந்தக் கதைக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவோடு சரி.

சங்கத்தின் அமைப்பை வாசகர்கள் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்து முளைத்தது. இதில் பங்குதாரர்கள் என்று தனியாக முதலாளிகள் இல்லை. பாலிஸி எடுத்தவரே சொந்தக்காரர். லாபம் வந்தால் அவர்களுக்கே போனஸ். நம் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் போடுகிறார்களே, அதை லட்சம் மடங்கு பெரிதாக்கி, முப்பது நாற்பது வருஷத்துக்கு இழுத்துப் பாருங்கள். கேட்க அழகாயிருக்கிறது. நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும் என்ற கேள்வியை அழகான காலத்தில் யாரும் கேட்பதில்லை.

கேட்ட ஒருவர் இருந்தார். 1775-லிருந்து 1830 வரை, ஐம்பத்தைந்து வருஷம், சங்கத்தின் ஆக்சுவரியாக இருந்த வில்லியம் மார்கன். ஆக்சுவரி என்பவர் பிறப்பு இறப்பு விகிதங்களையும் வட்டியையும் வைத்து, நாளை கொடுக்கவேண்டியதற்கு இன்று எவ்வளவு கையில் இருக்க வேண்டும் என்று சொல்லுகிறவர். அந்தப் பெயரை இப்படிப்பட்ட உத்தியோகத்துக்குச் சூட்டியதே இந்தச் சங்கந்தான். மார்கன் வைத்தியம் படித்தவர். மாமா ரிச்சர்ட் பிரைஸ் என்ற பாதிரியாரின் சிபாரிசில் உள்ளே வந்தார். அந்த மாமா நார்தாம்ப்டன் ஊர்ப் பதிவுகளிலிருந்து தயாரித்த மரண அட்டவணையைத்தான் சங்கம் கையாண்டது. அந்த அட்டவணையில் ஒரு குறை: ஜனங்கள் உண்மையில் சாவதைவிடச் சீக்கிரமாகச் செத்துப்போவார்கள் என்று அது சொல்லிற்று. விளைவு என்ன? சங்கத்துக்குப் பிரீமியம் அதிகமாகவே வசூலாயிற்று. பணம் மலையாகக் குவிந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. அதே அட்டவணையைப் பார்த்து பிரிட்டிஷ் அரசாங்கம் 1808-லிருந்து ஜனங்களுக்கு ஆயுள் பென்ஷன் விற்றது. சீக்கிரம் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டு விலையைக் குறைவாக வைத்தார்கள். வாங்கிய கிழவர்களோ சாகிற வழியாயில்லை! சுமார் இருபது வருஷம் நஷ்டப்பட்ட பிறகு அரசாங்கம் அந்த விலையைக் கைவிட்டது. ஆயுள் இன்ஷூரன்ஸ் விற்பவனுக்கு ஜனங்கள் நீடூழி வாழவேண்டும். பென்ஷன் விற்பவனுக்கு அந்த வாழ்த்தே வயிற்றெரிச்சல். இரண்டையும் ஒரே கடையில் விற்பவன் ரொம்பவும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டியவன்.

மார்கன் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். அங்கத்தினர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து, "குவிந்து கிடக்கிறதே, பங்கு போடும்" என்று கேட்டார்கள். அவர் முடிந்தமட்டும் தள்ளிப்போட்டார். 1816-இல், மிகப் பழைய 5,000 பாலிஸிகளுக்குத்தான் போனஸ், மற்றவர்கள் வரிசையில் நிற்கவேண்டும் என்று விதி வந்தது. கஞ்சன் என்று அவரை வைதவர்கள் இருந்திருப்பார்கள். எனக்கு என்னவோ, குடும்பத்தில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் பாட்டியின் ஞாபகம் வருகிறது. அந்தப் பாட்டியைச் சிறுசுகளுக்குப் பிடிக்காது. பஞ்ச காலத்தில்தான் பிடிக்கும்.

அடுத்த நூறு வருஷத்தைத் தாண்டிவிடுகிறேன். சங்கம் கௌரவமாக நடந்தது என்பதற்குமேல் அதில் கதை இல்லை. கவி கோல்ரிட்ஜ்கூட அதில் பாலிஸி வைத்திருந்தார். (பேனாவுக்குப் பென்ஷன் கிடையாது என்பதை அவர் அப்போதே தெரிந்துகொண்டிருக்கிறார்!) இருபதாம் நூற்றாண்டில் அதன் முக்கிய வியாபாரம் ஓய்வுக்காலச் சேமிப்பாக மாறிற்று. தரகர்களுக்குக் கமிஷன் கொடுப்பதில்லை, சம்பள உத்தியோகஸ்தர்களே நேரில் வந்து பேசுவார்கள் என்பது அதன் பெருமை. வக்கீல்கள், டாக்டர்கள், பேராசிரியர்கள், சிறு தொழில் நடத்துகிறவர்கள் என்று, படித்து விசாரித்து முடிவு செய்கிற வர்க்கம் இதைத் தேடி வந்தது. ஏமாந்தவர்கள் எல்லாம் பேராசைக்காரர்கள் என்று சொல்லிச் சௌகரியமாகத் தப்பித்துக்கொள்வது நம் வழக்கம். இங்கே அந்தச் சௌகரியம் இல்லை. ஒன்றுக்கு இரண்டாக வேண்டும் என்று ஓடியவர்களல்ல இவர்கள். நாட்டிலேயே பத்திரமான இடம் எது என்று கேட்டு வந்தவர்கள்.

1957-லிருந்து 1988 வரை விற்ற பென்ஷன் பாலிஸிகளில் சங்கம் ஒரு வாக்குறுதி சேர்த்திருந்தது. ஓய்வு பெறும்போது சேர்ந்திருக்கும் தொகையை ஆயுள் பென்ஷனாக மாற்றவேண்டுமல்லவா? அன்றைய மார்க்கெட் விகிதம் எப்படிப் போனாலும், இந்த விகிதத்துக்குக் கீழே கொடுக்கமாட்டோம் என்பது அந்த வாக்குறுதி. உதாரணத்துக்கு நானே இரண்டு எண்களை வைத்துக்கொள்கிறேன். நூறு பவுண்டுக்கு வருஷம் பத்துப் பவுண்டு என்று உத்தரவாதம். மார்க்கெட்டில் பன்னிரண்டு கிடைக்கிறது. அப்போது உத்தரவாதத்தை யார் லட்சியம் செய்வார்கள்? எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வட்டி உயரத்தில் பறந்தபோது அப்படித்தான் இருந்தது. மழையே பெய்யாத ஊரில் குடை இனாமாகக் கொடுத்த கதை. அதற்கென்று தனியாக விலையும் வாங்கவில்லை, வேண்டிய அளவு பணமும் ஒதுக்கவில்லை.

1993-இல் மழை வந்துவிட்டது. வட்டி இறங்கிற்று; மனிதர்களின் ஆயுளும் நீண்டுகொண்டே போயிற்று. மார்க்கெட் விகிதம் உத்தரவாதத்துக்குக் கீழே விழுந்தது. பத்துக் கொடுக்கிறேன் என்றவன் கையில் எட்டுக்குத்தான் வழி!

பாட்டியின் சாவிக்கொத்து இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். ஆனால் சங்கத்தின் புதிய தத்துவம் வேறு. ஒரு தலைமுறையின் லாபத்தை அடுத்த தலைமுறைக்கு ஒதுக்கி வைப்பது அநியாயம். சம்பாதித்ததை உரியவர்களுக்கே முழுக்கக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதைச் சொல்லித்தான் விளம்பரமும் செய்தார்கள். வருஷந்தோறும் அங்கத்தினர்களுக்கு வந்த அறிக்கையில் பாலிஸியின் மதிப்பு என்று ஒரு தொகை இருக்கும். அதில் ஒரு பகுதி உறுதியானது. பெரும் பகுதி, கடைசியில் டைரக்டர்கள் இஷ்டப்பட்டால் தருகிற 'இறுதிப் போனஸ்'. படிக்கிறவர்கள் மொத்தத்தையும் தம் பணமென்றே நினைத்தார்கள். பல வருஷங்களில் இப்படிக் காட்டிய மதிப்பு, கையிலிருந்த சொத்தைவிட அதிகமாகவே இருந்தது என்று பிற்பாடு நடந்த விசாரணை கண்டுபிடித்தது. ராய் ரான்ஸன் என்பவர் 1991 முதல் 1997 வரை சங்கத்தின் ஆக்சுவரியாகவும் நிர்வாகத் தலைவராகவும் ஒருங்கே இருந்தார். செலவு செய்பவரும் அவரே, 'போதும்' என்று சொல்லவேண்டியவரும் அவரே. இந்த ஏற்பாடு என்னைப்போன்ற கணக்குத் தெரியாதவனுக்கே விநோதமாகப் படுகிறது.

சங்கம் ஒரு தந்திரம் செய்தது. உத்தரவாத விகிதம் வேண்டுமென்று கேட்பவருக்கு இறுதிப் போனஸைக் குறைத்தது. வேண்டாமென்று மார்க்கெட் விகிதத்தை ஏற்பவருக்கு முழுப் போனஸ். முடிவில் இருவர் கைக்கும் வருவது ஏறக்குறைய ஒன்றே. பத்து வீதம் கொடுத்தோம் என்றும் சொல்லிக்கொள்ளலாம், எட்டோடு முடித்தும் விடலாம். இதில் சுயலாபம் யாருக்கும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். உத்தரவாதம் உள்ளவருக்கு அதிகம் கொடுத்தால் உத்தரவாதம் இல்லாதவர் பங்கிலிருந்துதான் எடுக்கவேண்டும்; எல்லோரையும் சமமாக நடத்துகிறோம் என்பது அவர்கள் வாதம்.

பாலிஸிதாரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். 1999-இல் சங்கமே, டேவிட் ஹைமன் என்ற பாலிஸிதாரரை மற்றவர்களின் பிரதிநிதியாக வைத்து, தான் செய்தது சரிதானா என்று நீதிமன்றத்தைக் கேட்டது. முதல் கோர்ட்டில் சங்கத்துக்கு வெற்றி. அப்பீலில் தோல்வி. 2000 ஜூலை 20-ஆம் தேதி பிரபுக்கள் சபையில் ஐந்து நீதிபதிகளும் ஒருமுகமாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். விகிதம் விழும்போது காப்பதற்குத்தானே உத்தரவாதம் கொடுத்தாய், அது விழுந்ததும் போனஸைப் பிடித்துக்கொண்டால் உத்தரவாதத்துக்கு என்ன அர்த்தம் என்பது ஸ்டெய்ன் பிரபு சொன்ன காரணத்தின் சாரம். உத்தரவாதக்காரர்களைத் தனிக் கூட்டமாக்கி, செலவை அவர்களுக்குள்ளேயே பங்குபோடுவதும் கூடாது என்றார்கள்.

தீர்ப்பில் நான் குறை காணமாட்டேன். கொடுத்த வாக்கு வாக்குத்தான். ஆனால் சங்கத்துக்கு வெளியே முதலாளி இல்லையே! செலவு சுமார் 150 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். அது யார் பையிலிருந்து வரவேண்டும்? பக்கத்து அங்கத்தினர் பையிலிருந்து. 1988-க்குப் பிறகு சேர்ந்தவர், உத்தரவாதம் என்ற சொல்லையே தம் பத்திரத்தில் காணாதவர், இன்னொருவருக்குக் கொடுத்த வாக்குக்காகப் பணம் இறக்கவேண்டியதாயிற்று. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலும் சங்கம் புதிய பாலிஸிகளை விற்றுக்கொண்டுதான் இருந்தது. ஒருவர் பாரத்தை இன்னொருவர் சுமக்கக்கூடாது என்று டாட்ஸன் போட்ட கணக்கு எங்கே, இது எங்கே!

சங்கத்தையே விற்றுவிடப் பார்த்தார்கள். வாங்க வந்தவர்கள் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு நழுவினார்கள். 2000 டிசம்பர் 8-ஆம் தேதி, இனிப் புதிய அங்கத்தினர்கள் இல்லை என்று சங்கம் கதவை மூடிற்று. 2001 ஜூலை 16-ஆம் தேதி பென்ஷன் பாலிஸிகளின் மதிப்பில் 16 சதவிகிதம் ஒரே நாளில் வெட்டப்பட்டது. வெளியே போகிறேன் என்றவருக்குப் போவதற்காக ஒரு கழிவு. இருக்கிறேன் என்றவருக்கு நாளை என்ன வெட்டு வருமோ என்ற பயம். 2002-இல் ஒரு சமரசம் ஏற்பட்டது. உத்தரவாதக்காரர்கள் 17.5 சதவிகிதம் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு உத்தரவாதத்தைக் கைவிட்டார்கள், மற்றவர்கள் 2.5 சதவிகிதம் பெற்றுக்கொண்டு வழக்காடும் உரிமையைக் கைவிட்டார்கள். பிரபுக்கள் சபையில் வென்ற வாக்குறுதி பதினெட்டே மாதத்தில் இப்படி முடிந்தது.

இவர்களையெல்லாம்விட என் மனத்தில் நிற்பவர்கள் வேறு ஒரு கூட்டத்தார். ஏற்கெனவே ஓய்வு பெற்று, சேமிப்பு முழுவதையும் சங்கத்தில் கொடுத்து, அதன் லாப நஷ்டத்தோடு ஏறி இறங்கும் ஆயுள் பென்ஷனை வாங்கியவர்கள். இது ஒருவழிப் பாதை. கொடுத்த முதலைத் திரும்ப வாங்க முடியாது. வேறு கம்பெனிக்கு மாற முடியாது. எழுபது எண்பது வயதில் வேலைக்குப் போய்ச் சரிக்கட்டவும் முடியாது. வருஷா வருஷம் வரும் கடிதத்தில், போன வருஷத்தைவிடக் குறைந்த ஒரு தொகை எழுதியிருக்கும். இங்கிலாந்தில் அவர்களுக்குச் 'சிக்கிக்கொண்டவர்கள்' என்றே பெயர் வந்துவிட்டது. 2007 கடைசியில் அவர்களுடைய பென்ஷன்களை புருடென்ஷியல் கம்பெனி ஏற்றுக்கொண்டது. கடிதத்தின் தலைப்பில் பெயர் மாறிற்று, குறைந்தது குறைந்ததுதான்.

குற்றவாளி யார்? கதையென்றால் ஒரு வில்லனை நிறுத்தியிருப்பேன். 1991-இல் ராபர்ட் மாக்ஸ்வெல் இறந்தபோது, தம் பத்திரிகைத் தொழிலாளிகளின் பென்ஷன் நிதியில் 40 கோடி பவுண்டுக்கும் மேல் கைவைத்திருந்தது வெளியாயிற்று. அது எல்லோருக்கும் சுலபமாகப் புரிந்தது. திருட்டுக்கு விளக்கம் வேண்டாம். ஈக்விடபிளில் திருடன் கிடைக்கவில்லை. பென்ரோஸ் பிரபு விசாரித்து, 2004-இல் பிரம்மாண்டமான அறிக்கை ஒன்றைக் கொடுத்தார். முக்கியமாகச் சங்கம் தன் கஷ்டத்தைத் தானே தேடிக்கொண்டது என்றார். 'தானே' என்றால் யார்? சட்டப்படி சங்கம் என்பது அங்கத்தினர்கள். அந்தக் கிழவர்கள்! பழைய டைரக்டர்கள்மீதும் தணிக்கையாளர்கள்மீதும் போட்ட வழக்கைச் சங்கம் 2005-இல் கைவிட்டது. அந்த வழக்குச் செலவும் அங்கத்தினர்கள் பணந்தான்.

கண்காணிக்கவேண்டிய அரசாங்க இலாகாக்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதைப் பார்லிமெண்டின் குறைகேள் அதிகாரி ஆன் ஆபிரகாம் அம்மையார் ஆராய்ந்தார். 2008-இல் அவர் அளித்த அறிக்கையில் நிர்வாகக் கோளாறு என்று பத்துக் குற்றங்களை நிரூபித்தார். நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார். அரசாங்கம் யோசித்தது. பிறகு மறுபடியும் யோசித்தது. அங்கத்தினர்கள் தாங்களே கிளர்ச்சிச் சங்கம் அமைத்து, கோர்ட்டுக்கும் பார்லிமெண்டுக்குமாக நடந்தார்கள். காத்திருந்தவர்கள் வயசாளிகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வருஷங்களை எண்ணிப் பாருங்கள். அரசாங்கத்தின் தாமதத்துக்கும் ஒரு மரண அட்டவணை போட்டிருக்கலாம்.

2010-இல் நஷ்டம் சுமார் 430 கோடி பவுண்டு என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. கொடுப்பது 150 கோடி என்று முடிவு செய்தது. 'சிக்கிக்கொண்டவர்கள்' சுமார் 37,000 பேருக்கு மட்டும் முழு ஈடு. மற்றவர்களுக்கு நூற்றுக்கு 22.4 வீதம். பணம் பெற்றவர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். 1992 செப்டம்பருக்கு முன் பென்ஷன் வாங்கியவர்கள், கூட்டத்திலேயே மிக மூத்தவர்கள், இந்தத் திட்டத்தில் அடங்கவில்லை. 2013 பட்ஜெட்டில் அவர்களுக்கு ஆளுக்கு 5,000 பவுண்டு அறிவித்தார்கள். சட்டப்படி கடமையில்லை, பரிவினால் தருகிறோம் என்றார்கள்.

மூடிய கதவுக்குப் பின்னால் சங்கம் இன்னும் இருபது வருஷம் உயிரோடு இருந்தது. புதிய நிர்வாகிகள் கடன்பத்திரங்களில் பணத்தைப் போட்டு, மார்கனே மெச்சும்படி காசு காசாக ஒதுக்கி வைத்தார்கள். 2020 ஜனவரி முதல் தேதியன்று, 257 வருஷம் கழித்து, பாலிஸிகள் அட்மோஸ்ட் என்ற கம்பெனிக்குக் கைமாறின. மிஞ்சியிருந்த அங்கத்தினர்கள் தங்களிடம் பாக்கியிருந்த முதலீட்டு உத்தரவாதங்களை விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு ஈடாக, ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்து அவர்களுடைய பாலிஸி மதிப்புக் கணிசமாக உயர்ந்தது. 2001-இல் பயந்து வெளியேறியவர்களுக்கு அதில் பங்கு இல்லை.